அளவு நோட்டு

இருபத்தெட்டு என்று எழுதியிருக்கிறேன்,
பென்சிலில். அறுபத்து மூன்று, மார்ச்.
பக்கத்தில் பெயர்: கிளிஃபோர்ட் ஆக்லி.
அதை அடித்துவிட்டு மேலே: கிட் ஆர்லன்.
அடித்தது நான். அடிக்கச் சொன்னது மேனேஜர் லாபிட்ஜ்.
"ஆக்லி என்று எந்தப் பெண்ணாலும் அலற முடியாது, டோரின்."

கிரிம்ஸ்பி மீன்துறையிலிருந்து நேரே வந்திருந்தான்.
கையைத் தூக்கு என்றேன், தூக்கினான்.
மூச்சை விடு என்றேன், விடவில்லை.
நாடா பிடித்த என் கட்டைவிரலில்
ஒரு செதில் ஒட்டிக்கொண்டு வந்தது.
தைக்கப்போகும் சூட்டும் அதே வெள்ளி.

அறுபத்தைந்தில் அந்தப் பாட்டு
மூன்றாம் இடத்துக்கு ஏறி
ஆறு வாரம் இறங்க மறுத்தது.
எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் பொத்தான்கள்.
லீட்ஸில் ஒன்பது, கார்டிஃபில் பதினான்கு,
கிளாஸ்கோவில் ஒரு கையே போயிற்று
(சட்டைக் கையைச் சொல்கிறேன்).
இறுக்கித் தைக்காதே என்றார் லாபிட்ஜ்.
ஒற்றை நூல், இரண்டே சுற்று,
இழுத்தால் வந்துவிட வேண்டும்.
பொத்தான் அவர்களுக்கு, துணி நமக்கு.
அவ்வளவு மோசமாக நான் தைத்ததில்லை,
அவ்வளவு கவனமாகவும்.

இரண்டு படம்.
இரண்டாவதில் குதிரைப்படை அதிகாரி.
இடுப்பு இருபத்தொன்பது. வாள் இரவல்,
குரலும் இரவல்:
கிரிம்ஸ்பி நாக்கு அதிகாரிக்கு ஆகாது என்று
வேறொருவர் வந்து பேசிவிட்டுப் போனார்.
முதல் காட்சிக்கு அவன் அம்மா வந்திருந்தார்.
வெளியே வந்து, கையுறையை மாட்டிக்கொண்டே,
"வாய் அவனுடையதுதான்" என்றார்.

எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு
நோட்டில் இல்லை.
வேறு யாராவது அளந்திருக்கலாம்.
யாரும் அளக்காமலும் இருந்திருக்கலாம்.

பிறகு தொலைக்காட்சி. மருத்துவமனைத் தொடரில்
தள்ளுவண்டி தள்ளும் ஊழியர். முப்பத்து மூன்று. பழுப்புக் கோட்டு.
நாலு வருடம் செவ்வாய்தோறும்
தேநீர்க் கோப்பையோடு நாடு அவனைப் பார்த்தது.
சம்பளம் கூட்டிக் கேட்டான்.
அடுத்த செவ்வாய், லிஃப்ட் வராத பள்ளத்தில் கால் வைத்தான்.
மலர்வளையங்கள் வந்தன, நிஜமாகவே.
உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினான்,
இறந்துபோனவன் கையெழுத்தில்.
தபால்தலைக்கு என்னிடம் கடன் வாங்கினான்.

எண்பத்தாறு, ஸ்கார்பரோ, கிறிஸ்துமஸ் பாண்டோமைம்.
முப்பத்தெட்டு, எலாஸ்டிக் வைத்தது.
கெட்ட மந்திரவாதி மேடையில் கால் வைத்ததும்
எண்ணூறு பிள்ளைகள் ஊளையிடுவார்கள்.
பக்கத்திரைக்குப் பின்னால் வந்து
சாயம் வழிய நின்று,
"அதே சுருதி, டோரின்" என்றார்.
"அறுபத்தைந்தில் கத்தினார்களே,
இம்மி பிசகவில்லை."

எந்த ஊரில், எந்த அளவில்
அவன் அவர் ஆனார் என்று
நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
குறித்துவைக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று, அக்டோபர்.
ஹல்லில் தொண்ணூறு இருக்கை அரங்கு.
கரை திரும்பாத வலைப்படகைப் பற்றிய நாடகம்.
பழைய எண்ணெய்க் கோட்டை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தேன்.
காலரை மூக்கில் வைத்து வெகுநேரம் நின்றார்.
ஒத்திகையில் வாயைத் திறந்தபோது
இயக்குநர் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள்:
அசல் கிரிம்ஸ்பி,
இத்தனை வருடம் எங்கே குடியிருந்ததோ
அந்தப் பேச்சு.

முப்பது என்றது நாடா.
ஆகஸ்டில் முப்பத்தாறு.
இரண்டு முறை அளந்தேன்.
மூச்சை விடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
முப்பது என்று எழுதினேன், ஏன் என்று கேட்கவில்லை,
அவரும் நோட்டை எட்டிப் பார்க்கவில்லை.

"பொத்தானை இறுக்கித் தைத்துவிடு" என்றார்,
"இனி யார் பிய்க்க வரப்போகிறார்கள்?"
சரி என்றேன்.
கைக்குத் தெரியவில்லை.
இரண்டாவது சுற்றிலேயே நூலை அறுத்துவிட்டது.

முதல் இரவு, இரண்டாம் காட்சி,
ஒன்று கழன்று விழுந்து
விளக்குகளை நோக்கி உருண்டது.
முன்வரிசையில் யாரும் குனியவில்லை.

காலையில் பெருக்குகிற பையன்
உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தான்.
"இது உங்களுடையதா?"